அருப்புக்கோட்டை ரயில் வெள்ளைக்காரன் போட்டதா? கரி பஸ் முதல் மீட்டர் கேஜ் வரை ஒரு பிளாஷ்பேக்

அருப்புக்கோட்டை:

"அதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட ரயிலுப்பா..." அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் டீக்கடையில் பழைய ரயில் பேச்சை எடுத்தால் இப்படி ஒரு குரல் கேட்காமல் இருக்காது. அட்டை டிக்கெட், கை காட்டி மரம், கூவிக்கொண்டு வரும் பாசஞ்சர் என்று பெருசுகள் ஒவ்வொன்றாகச் சொல்லி பெருமூச்சு விடுவார்கள். கடைசியில் எல்லாப் புகழையும் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிட்டு எழுந்து போவார்கள்.

ஆனால் கணக்கு தப்பு!

வெள்ளைக்காரன் ஆண்டு முடித்து கப்பல் ஏறும் வரைக்கும் அருப்புக்கோட்டைக்கு ஒரு அடி தண்டவாளம் கூட போடவில்லை. இந்த ஊருக்கு ரயில் வந்தது 1963ல். அதாவது சுதந்திரம் கிடைத்து 16 வருஷம் கழித்து. அப்படியானால் நம்ம ஜனங்க எந்த ரயிலுக்காக ஏங்குறாங்க? அந்த ரயில் எங்கே போச்சு? பஸ் எப்படி வந்தது? பார்ப்போம்.

பக்கத்து ஊரோடு நின்ற ரயில்

தென் மாவட்டங்களில் ரயில் ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே என்ற ஆங்கிலேயக் கம்பெனி. 1874ல் உருவான இந்தக் கம்பெனி மதுரையில் இருந்து தூத்துக்குடி வரை போட்ட பாதை 1876 ஜனவரி 1ந்தேதி திறக்கப்பட்டது. திருமங்கலம், விருதுப்பட்டி, சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி என்று போனது அந்தப் பாதை. விருதுப்பட்டி தான் 1923ல் விருதுநகர் என்று பெயர் மாறியது.

ரயில் போட்டது ஜனங்க மேல இருந்த பாசத்தால் அல்ல. கரிசல் காட்டுப் பருத்தியை தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டு போய் கப்பலில் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு நேர் கோடு தேவைப்பட்டது. அந்தக் கோடு அருப்புக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. அவ்வளவுதான், விருதுப்பட்டி பெரிய வியாபார ஊராக வளர்ந்தது. அருப்புக்கோட்டை பருத்தியும் வத்தலும் ரயில் ஏற வேண்டும் என்றால் மாட்டு வண்டியில் தான் அங்கே போயாக வேண்டும்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரயில் வந்த அதே 1876ல் தான் தாது வருஷப் பஞ்சம் ஆரம்பித்தது. 1878 வரை ஜனங்களை வாட்டி எடுத்தது. ரயில் போகும் ஊருக்கு தானிய மூட்டை இறக்கலாம். ரயில் இல்லாத ஊருக்கு மாடு இழுக்கணும். மாட்டுக்கே தீவனம் இல்லாத வருஷம் அது! ஒரு ஊருக்கு ரயில் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு அன்றைக்கே புரிந்திருக்கும்.

அந்தப் பக்கமும் அதே கதை

கிழக்கே திரும்பினாலும் இதே கதை தான். மதுரையில் இருந்து மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம் வரை 1902ல் ரயில் வந்தது. 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போகலாம். அது தான் பேர் பெற்ற போட் மெயில். 1930ல் மானாமதுரையில் இருந்து காரைக்குடி, புதுக்கோட்டை வழியாக திருச்சிக்கும் பாதை வந்துவிட்டது.

மேப்பை எடுத்துப் பாருங்கள். மேற்கே விருதுநகர், வடகிழக்கே மானாமதுரை. இரண்டு ஊரிலும் ரயில் கூவுது. நடுவில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி. சுமார் 66 கி.மீ. நீளத்துக்கு ஒன்றுமே இல்லை. வெள்ளைக்காரன் காலம் முடியும் வரை இது தான் நிலைமை.

திருச்சுழி பையனும் ரயில் டிக்கெட்டும்

திருச்சுழியில் பிறந்து உலகப் புகழ் பெற்றவர் ரமண மகரிஷி. குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோவில் இருக்கும் இந்த ஊரில் 1879 டிசம்பர் 30ந்தேதி பிறந்தார். அப்போது அவர் பெயர் வெங்கட்ராமன். அப்பா சுந்தரம் அய்யர் ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1892ல் அப்பா இறந்த பிறகு, பையன் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனான்.

1896 ஆகஸ்ட் 29ந்தேதி, யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான் அந்த 16 வயசுப் பையன். அண்ணனுக்கு காலேஜ் பீஸ் கட்ட வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டான். பழைய மேப் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் தான் என்று முடிவு கட்டினான். டிக்கெட் 2 ரூபாய் 13 அணா.

ரயிலில் கூட வந்த ஒரு முஸ்லிம் பெரியவர் தான், திருவண்ணாமலைக்கே ரயில் போகுது, விழுப்புரத்தில் இறங்கி மாறணும் என்று சொன்னார். விழுப்புரம் பாதை புதுசு. பையன் பார்த்த மேப்போ பழசு! விழுப்புரத்தில் இறங்கி, கையில் மிச்சம் இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை டிக்கெட் எடுத்து, அதற்கு மேல் கொஞ்ச தூரம் நடந்து போனார். செப்டம்பர் 1ந்தேதி திருவண்ணாமலை சேர்ந்தார். 1950ல் மறையும் வரை அந்த ஊரை விட்டுத் திரும்பவே இல்லை.

கவனியுங்கள். அவர் ரயில் ஏறியது மதுரையில். பிறந்த ஊரான திருச்சுழிக்கு ரயில் வந்தது 1964ல், அவர் மறைந்து 14 வருஷம் கழித்து.

கரியில் ஓடிய பஸ்!

ரயில் இல்லாத ஊருக்குக் கை கொடுத்தது பஸ் தான். டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் 1912ல் பஸ் தொழிலில் இறங்கினார். அவர் பேரில் வளர்ந்தது தான் டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து கடிகாரத்தைத் திருத்தலாம் என்று மதுரை ஜில்லாவே பேசும் அளவுக்கு டி.வி.எஸ். பஸ்கள் நேரத்துக்குப் பேர் போனவை. அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு ஜெயவிலாஸ் பஸ்சும் சொந்தக்காரன் மாதிரி.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் நின்று போக வேண்டியது தான் என்ற நிலைமை. அப்போது தான் கரி பஸ் வந்தது. டி.வி.எஸ். கம்பெனியே இதற்கான கேஸ் பிளாண்ட் செய்து விற்றது.

அது எப்படி ஓடும்? பஸ்சோடு ஒரு பெரிய இரும்பு உருளையைப் பொருத்துவார்கள். அதற்குள் அடுப்புக்கரி. காற்றை முழுசாக விடாமல் கொஞ்சமாக விட்டு எரித்தால், எரியக் கூடிய ஒரு வாயு வரும். அதை வடிகட்டி, குளிர வைத்து, என்ஜினுக்கு அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதில் அது எரியும். கேட்க சுலபம். ஆனால் காலையில் நெருப்பு பிடித்து, விசிறி சுற்றி, வாயு வந்து, வண்டி கிளம்புவதற்குள் டிரைவருக்கும் கிளீனருக்கும் முகமெல்லாம் கரி ஆகிவிடும். பெட்ரோல் அளவுக்கு இழுவையும் இருக்காது. மேட்டில் திணறும்.

அந்தக் காலத்தில் பஸ் ஓடியதே பெரிய விஷயம். இன்றைக்கும் திருச்சுழி, நரிக்குடி பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி கரி மூட்டம் போடுகிறார்கள். அந்தக் கரியை லாரியில் ஏற்றும்போது, கரியால் பஸ்சே ஓடிய காலம் ஒன்று இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கே மூடினான்... இங்கே திறந்தது!

இப்போது தான் கதையில் திருப்பம்.

1963ஆம் வருஷம் மார்ச் மாதம். லண்டனில் ஒரு அறிக்கை வெளியானது. எழுதியவர் ரிச்சர்டு பீச்சிங், பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர். நஷ்டத்தில் ஓடும் சின்னப் பாதைகளை எல்லாம் மூடிவிடலாம் என்றார் அவர். எவ்வளவு தெரியுமா? 5 ஆயிரம் மைல் பாதை, 2,363 ஸ்டேஷன்கள்! ஒரே போடு.

அங்கே ஜனங்க கொதித்துப் போனார்கள். ஆனாலும் பெரும்பாலான பாதைகளை மூடினார்கள். ரயிலுக்குப் பதில் பஸ் விடுகிறோம் என்றார்கள். பல ஊர்களில் அந்தப் பஸ்சும் கொஞ்ச நாளில் நின்று போனது. வெள்ளைக்காரன் நாட்டிலேயே இன்றைக்கும் பெருசுகள் "அந்தக் காலத்து ரயில்" என்று பெருமூச்சு விடுவது அதனால் தான். சில இடங்களில் ஊர்க்காரர்களே சேர்ந்து, சம்பளம் வாங்காமல் உழைத்து, பழைய ரயிலை ஓட்டுகிறார்கள். வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற குட்டி ரயிலை 1951லேயே இப்படிக் காப்பாற்றினார்கள்.

அதே 1963ஆம் வருஷம் தான் விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டைக்கு மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது! 1964ல் அது திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை வரை போய்ச் சேர்ந்தது. பல வருஷமாக இருந்த ஓட்டை அடைபட்டது.

வெள்ளைக்காரன் தன் ஊரில் சின்ன ரயிலை மூடச் சொல்லி அறிக்கை போட்ட வருஷம், நாம நம்ம ஊரில் சின்ன ரயிலைத் திறந்தோம். அவன் 1968 ஆகஸ்டில் நீராவி ரயிலுக்கு வழியனுப்பு விழா நடத்தினான். நம்ம சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1972 வரைக்கும் நீராவி என்ஜின் செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொரு சோகமும் அந்த 1964ல் தான் நடந்தது. டிசம்பர் 22ந்தேதி ராத்திரி வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலே கடலுக்குள் போய்விட்டது. அந்தப் பாதையை திரும்பப் போடவில்லை. ஒரு பக்கம் புதுசாக ரயில் வந்த அதே வருஷம், இன்னொரு பக்கம் பழைய ரயில் மறைந்தது.

ரயில் நம்மது, பழக்கம் அவனோடது

அப்படியென்றால் வெள்ளைக்காரன் ரயில் என்று ஏன் சொல்கிறார்கள்? காரணம் இருக்கிறது. தண்டவாளம் நாம போட்டது என்றாலும், ஓட்டும் முறை எல்லாம் அவன் காலத்தில் இருந்து வந்தது.

முதலில் அந்த அட்டை டிக்கெட். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் ஊழியர் 1830களின் கடைசியில் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எட்மண்ட்சன் கெட்டி அட்டையில் வரிசை நம்பர் அச்சடித்து அடுக்கி வைத்தார். கவுண்டரில் ஒரு குட்டி இரும்பு மெஷின். அட்டையைச் செருகி எடுத்தால் 'டக்' என்று தேதி விழும். மாலையில் நம்பரைப் பார்த்தால் எத்தனை டிக்கெட் விற்றது என்று கணக்கு வந்துவிடும். உள்ளங்கையில் பாதி கூட இல்லாத அந்த அட்டை உலகம் பூரா போனது. திருச்சுழி வரை வந்தது.

அடுத்து டோக்கன். மீட்டர் கேஜில் பல பாதைகள் ஒற்றைப் பாதை தான். எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதனால் ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு உலோகப் பந்து தான் மெஷினில் இருந்து வெளியே வரும். அந்தப் பந்து டிரைவர் கையில் இருந்தால் தான் ரயிலை எடுக்கலாம். பந்தை ஒரு தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ரயில் ஓடும்போதே ஊழியர் தூக்கிக் காட்டுவார். டிரைவர் பக்கத்தில் இருப்பவர் கையை விட்டு லாவகமாக மாட்டிக்கொள்வார். பையன்கள் வாயைப் பிளந்து பார்த்த காட்சி அது.

மூன்றாவது கை காட்டி மரம். கை சாய்ந்தால் ரயில் வருது என்று அர்த்தம். கடிகாரம் இல்லாத காட்டு வேலைக்காரனுக்கு அது தான் கடிகாரம்.

பெட்டியும் சின்னது. மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். இப்போது இருக்கும் அகலப்பாதை 1.676 மீட்டர். வேகம் குறைவு. ஆனால் டிக்கெட்டும் குறைவு. பஸ்சுக்குக் காசு பத்தாதவன் ரயிலுக்குப் போவான். மூட்டை முடிச்சோடு ஏறினாலும் இடம் கிடைக்கும். இதைத்தான் ஜனங்க மறக்கவில்லை.

பாண்டியன் காலம்

பஸ்சிலும் பெரிய மாற்றம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பஸ்கள் அரசுடமை ஆயின. மதுரையைத் தலைமையாக வைத்து 1972ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டி.வி.எஸ். ஓட்டிய பஸ்கள் அதோடு சேர்ந்தன. 1977ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டை தொகுதியில் ஜெயித்து முதல்வர் ஆனார். அப்போது இந்த ரோடுகளில் பாண்டியன் பஸ் ஓடியது.

1997ல் தென் மாவட்டங்களில் பஸ் கழகத்துக்கு வைத்த பெயரை ஒட்டி மோதல் வெடித்தது. அதன் பிறகு தலைவர்கள், மன்னர்கள் பெயரை எல்லாம் எடுத்துவிட்டு, எல்லாமே தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பெருசுகள் வாயில் மட்டும் ரொம்ப நாள் 'பாண்டியன் பஸ்' தான்.

அந்த பஸ்சிலும் வெள்ளைக்காரன் பேர் ஒட்டிக்கொண்டு தான் இருந்தது. லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் உள்ள ஒரு ஊர். அந்த ஊர் கம்பெனி தான் சென்னையில் அசோக் மோட்டார்சோடு கை கோர்த்தது. 1955ல் அசோக் லேலண்ட் என்று பெயர் வந்தது. இங்கிலாந்தில் லேலண்ட் பஸ் கம்பெனியை 1988ல் வால்வோ வாங்கிவிட்டது. சில வருஷத்தில் பஸ் மேல் இருந்த அந்தப் பேரும் மறைந்தது. ஆனால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றால் லேலண்ட் பெயர் கண்ணுக்கு முன்னால் நிற்கும்!

கிராமத்துக்கு முக்கியம் நைட் ஹால்ட் பஸ். ராத்திரி கடைசி டிரிப்பாக ஊருக்குள் வந்து, டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே தூங்கி, விடிகாலையில் முதல் டிரிப்பாகக் கிளம்பும். மல்லிகைப் பூ பறித்தவள், தறிக்குப் போகிறவன், மில் ஷிப்ட்டுக்குப் போகிறவன், பிரசவ வலி வந்தவள் என்று எல்லோருக்கும் அந்த ஒரு வண்டி தான். பஸ் ஊரில் தங்குதா, தங்கலையா என்பதை வைத்தே பொண்ணு கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்த காலம் அது.

5 வருஷம் ரயில் இல்லாத ஊர்

1992ல் நாடு முழுக்க ஒரே அகலப் பாதை என்ற யுனிகேஜ் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பாதையாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். விருதுநகர் - மானாமதுரை மீட்டர் கேஜ் 2008ல் மூடப்பட்டது. 2013ல் தான் அகலப்பாதையில் ரயில் திரும்ப ஓடியது.

5 வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை. ரயிலை நம்பி இருந்தவன் பஸ்சுக்கு மாறினான். கொஞ்சம் காசு இருந்தவன் பைக் வாங்கினான். ரயில் திரும்பி வந்தபோது பழைய கூட்டத்தில் பாதி வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டது.

அகலப்பாதையால் நன்மை இல்லாமல் இல்லை. அருப்புக்கோட்டையில் ஏறினால் சென்னையில் இறங்கலாம். சிலம்பு எக்ஸ்பிரஸ் இந்தப் பாதையில் வந்தது. 2017ல் அதை செங்கோட்டை வரை நீட்டினார்கள். 2023ல் தாம்பரம் - செங்கோட்டை ரயிலும் இந்த வழியாக வந்தது. முன்னே கனவில் கூட நினைக்காத வசதி இது.

ஆனால் சென்னைக்குப் போகிறவன் வருஷத்தில் நாலு தடவை போவான். தினமும் பக்கத்து ஊருக்கு வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவன் தான் அதிகம். அவனுக்குத் தேவை காலையில் போய் மாலையில் திரும்பும் குறைஞ்ச டிக்கெட் பாசஞ்சர். பழைய மீட்டர் கேஜில் அவனுக்கு மனசு ஒட்டியது அதனால் தான்.

மதுரைக்கு நேர் ரயில் எப்போ?

இன்னொரு குறையும் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் இருந்து மதுரை கூப்பிடு தூரம். பஸ்சில் ஏறினால் நேராகப் போகலாம். ரயிலுக்கோ நேர் பாதையே கிடையாது. மேற்கே விருதுநகரையோ, வடகிழக்கே மானாமதுரையையோ சுற்றித்தான் மதுரைக்குப் போக முடியும்.

இதைத் தீர்க்கத்தான் மதுரை - தூத்துக்குடி புதுப் பாதைத் திட்டம். 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் இடம் பிடித்தது. நீளம் சுமார் 143 கி.மீ. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, புதூர், விளாத்திகுளம் வழியாக தூத்துக்குடிக்குப் போகும். 1876ல் வெள்ளைக்காரன் ஒதுக்கிவிட்டுப் போன ஊர்கள் தான் இவை எல்லாம்!

தூத்துக்குடி பக்கம் மீளவிட்டானில் இருந்து மேலமருதூர் வரை சுமார் 18 கி.மீ. வேலை முடிந்தது. அதற்கு மேல் நிலம் எடுப்பதில் இழுத்துக்கொண்டே போனது. 2025 ஜனவரியில் ஒரு குழப்பமும் நடந்தது. இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசு சொல்லிவிட்டதாக ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பேசியதாகச் செய்தி வர, தென் மாவட்டமே பரபரப்பானது. அப்படி எதுவும் சொல்லவில்லை என்று தமிழக அரசு மறுத்தது. பிறகு, கேள்வி சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, அமைச்சர் சொன்னது தனுஷ்கோடி பாதையை என்று விளக்கம் வந்தது.

ஊர் பெயர் காதில் விழாமல் போனதற்கே இவ்வளவு பரபரப்பு என்றால், இந்த ஜனங்களுக்கு ரயில் மேல் எவ்வளவு ஆசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏங்குவது எதற்காக?

நீராவி ரயிலைப் பார்க்கணும்னு ஆசை இருந்தால் மேட்டுப்பாளையம் போகலாம். ஊட்டி மலை ரயில் இன்றும் மீட்டர் கேஜ் தான். அட்டை டிக்கெட்டை மியூசியத்தில் பார்க்கலாம். அதெல்லாம் வேடிக்கைக்கு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி ஜனங்க ஏங்குவது புகைக்காக இல்லை. வெள்ளைக்காரனுக்காகவும் இல்லை. அவன் இந்த ஊருக்கு எதுவும் போடவில்லை. அவன் போன பிறகு நாமே போட்டுக்கொண்ட ரயில் 45 வருஷம் ஓடியது. கையில் இருந்த சில்லறைக்கு டிக்கெட் கொடுத்தது. மூட்டையோடு ஏற்றிக்கொண்டது. சின்ன ஸ்டேஷனிலும் நின்றது. அந்த வேலையைச் செய்யும் ரயில் எந்த அகலத்தில் வந்தாலும் ஜனங்க ஏறுவார்கள்.

இங்கிலாந்துக்காரன் மூடிய பாதைகளில் சிலதை இப்போது காசு செலவழித்துத் திரும்பத் திறக்கிறான். மூடியது சுலபம், திறப்பது கஷ்டம் என்று அவன் லேட்டாகப் புரிந்துகொண்டான். நம்ம பக்கம் தண்டவாளம் தயாராக இருக்கிறது. காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிறவன் நேரத்துக்கு பாசஞ்சர் ரயில், சின்ன ஸ்டேஷன்களில் நிறுத்தம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை - தூத்துக்குடி பாதை. இந்த மூன்றும் தான் கரிசல் காட்டு மக்களின் எதிர்பார்ப்பு.